சமூக ஆய்வில் விழுமியமும் பொருள்கோடலும்: திருகோணமலையில் களத்துக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இறுதி ஆண்டு ஆய்வேட்டுக்காக மூதூர், கிண்ணியா, குச்சவெளி, தம்பலகாமம் என்று வினாக்கொத்தும் கையுமாகப் புறப்படும் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. விழுமியம் என்பது எது நல்லது, எது முக்கியம் என்று நாம் கொள்ளும் மதிப்பு. பொருள்கோடல் என்பது ஒரு செயலுக்கோ சொல்லுக்கோ இடத்துக்கோ உள்ள அர்த்தத்தை விளங்கிச் சொல்வது. பெரும்பாலும் முறையியல் அத்தியாயத்தை எழுத உட்காரும்போதுதான் இவை தலைதூக்கும். தலைப்பைத் தெரிவுசெய்யும் நாளிலேயே கேட்டிருந்தால் பாதிச் சிரமம் குறைந்திருக்கும். சில பதில்கள் நீளமானவை, சில நாலு வரியில் முடிபவை.

ஆய்வாளர் நடுநிலையாக இருக்க வேண்டும் என்றுதானே படித்தோம். பிறகு விழுமியம் பற்றி ஏன் பேச்சு?

எதை ஆராய்வது என்ற விடயத்தில் இதுவரை எவரும் நடுநிலையாக இருந்ததில்லை. உப்புவெளிக் கரையில் விடியற்காலையில் நடப்பவை எத்தனையோ. படகு கரையேறுகிறது, வியாபாரி விலை கேட்கிறார், பெண்கள் கருவாட்டுக்கு மீன் வெட்டுகிறார்கள், நாய்கள் சண்டை பிடிக்கின்றன. இதில் கருவாடு போடும் பெண்களின் கூலி ஒரு ஆய்வுத் தலைப்பாகிறது. நாய்ச் சண்டையைப் பற்றிச் சமூகவியலில் ஆய்வேடு எழுத எவரும் வருவதில்லை. கூலி முக்கியம், உழைப்புக்கு உரிய பங்கு கிடைக்க வேண்டும் என்ற ஓர் எண்ணம் நம்மிடம் முன்பே இருப்பதால்தான் அது கண்ணில் படுகிறது.

ஜேர்மனியச் சமூகவியலாளர் மக்ஸ் வெபர் 1904இல் இதைத் தெளிவாக எழுதினார். முடிவில்லாத நடப்புகளிலிருந்து ஒரு துண்டை 'ஆராயத் தகுந்தது' என்று பிரித்தெடுப்பதே நம் விழுமியங்கள்தான் என்பது அவர் வாதம். பிரித்தெடுத்த பிறகு என்ன கண்டோம் என்று சொல்லும் இடத்தில் விழுமியம் கையை எடுத்துவிட வேண்டும் என்பது வாதத்தின் மறுபாதி. வெபரை 'விழுமியமே வேண்டாம்' என்றவராகச் சில குறிப்புப் புத்தகங்கள் சுருக்கிவிடுகின்றன. அவர் வகுப்பறை மேடையைப் பிரசார மேடையாக்கிய பேராசிரியர்களைத்தான் சாடினார். மேடைக்கு வெளியே அவரே தீவிரமான அரசியல் கருத்துக்காரர்.

கேள்வியை விழுமியம் தெரிவுசெய்யலாம், பதிலைத் தெரிவுசெய்யக் கூடாது. இந்தப் பக்கத்தில் கீழே வருவதெல்லாம் பெரும்பாலும் இந்த எல்லையைச் சுற்றியதுதான். எழுதிப் பார்க்கும்போது எல்லை இவ்வளவு நேராக இருப்பதில்லை என்பதும் தெரியவரும்.

அப்படியென்றால் எண்கள் பக்கம் போய்விட்டால் தப்பிக்கலாமே? தொகைசார் ஆய்வில் இந்தத் தொல்லை இல்லைத்தானே?

இருக்கிறது. எண்ணுவதற்கு முன்னால் 'எதை ஒன்று என்று எண்ணுவது' என்பதை ஒருவர் தீர்மானித்தாக வேண்டும். அந்தத் தீர்மானம் வினாக்கொத்து அச்சாகும் முன்பே முடிந்துவிடுகிறது. அட்டவணையைப் பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது.

வறுமையை எடுப்போம். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்கில் 2016இல் இலங்கையில் வறியோர் 4.1 சதவீதம். 2019இல் 14.3 சதவீதம். மூன்று வருடத்தில் வறுமை மூன்று மடங்கு ஆனதா? இல்லை. 2002ஆம் ஆண்டு நுகர்வை அடிப்படையாக வைத்து வரைந்த பழைய வறுமைக்கோட்டை விட்டுவிட்டு, 2012/13 நுகர்வை அடிப்படையாக வைத்துப் புதுக் கோடு போட்டார்கள். 2019இல் அந்தக் கோடு ஒருவருக்கு மாதம் 6,966 ரூபாய். ஒரு மனிதர் மரியாதையாக வாழ எது குறைந்தபட்சம் என்ற கருத்து அதற்குள் ஒளிந்திருக்கிறது. கோடு பிழை என்று இதற்கு அர்த்தமில்லை, ஒரு கோடு தேவைதான். ஆனால் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து 'வறுமை அதிகரித்துள்ளது' என்று ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் எழுதினால் பரீட்சகர் சும்மா விடமாட்டார்.

தொழிலாளர் படை அளவீட்டில் குறிப்பு வாரத்தில், அதாவது கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் வாரத்தில், ஒரு மணித்தியாலம் வேலை செய்திருந்தாலும் அவர் தொழில் உள்ளவர். வீட்டில் நாள் முழுக்கச் சமைத்து, தண்ணீர் அள்ளி, வயோதிபரைப் பார்க்கும் பெண் அந்த அட்டவணையில் 'பொருளாதார ரீதியில் செயற்படாதவர்'. அதே பெண் புருசன் கொண்டுவந்த மீனை முற்றத்தில் காயவைத்து விற்றால் அவரை எந்தப் பக்கம் போடுவது? விதிப்படி 'குடும்பத் தொழிலில் பங்களிப்பவர்', அதாவது தொழில் உள்ளவர். ஆனால் "வேலை செய்யுறீங்களா?" என்று கேட்டால் "இல்ல, வீட்டிலதான் இருக்கிறன்" என்று சொல்லிவிடுவார். கேட்கும் பிள்ளை அதை அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

எங்கள் மாவட்டத்தில் இன்னும் சுவையான உதாரணம் குடும்பத் தலைவர். உத்தியோகபூர்வ வரைவிலக்கணம் என்ன? வழமையாக அந்த வீட்டில் வசிக்கிறவராகவும் மற்ற அங்கத்தவர்கள் தலைவர் என ஏற்றுக்கொள்பவராகவும் இருக்க வேண்டும். இப்போது கிண்ணியாவில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். கணவர் கட்டாரில் இருக்கிறார். வீடு மனைவிக்குச் சீதனமாக வந்தது, காணி உறுதி அவர் பெயரில். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வங்கிக் கடன், கூரை ஓடு எல்லாவற்றையும் அவரே பார்க்கிறார். "வீட்டுக்குத் தலைவர் யார்?" என்றால் "அவர்தான்" என்று கணவரைச் சொல்கிறார். வரைவிலக்கணத்தின் முதல் நிபந்தனையில் கணவர் விழுந்துவிடுகிறார், இரண்டாவதில் மனைவி விழுந்துவிடுகிறார். பெண் தலைமைதாங்கும் குடும்பங்களுக்கு உதவி என்று ஒரு நிறுவனம் பட்டியல் எடுத்தால் இந்த வீடு உள்ளேயா வெளியேயா என்பது, கதவடியில் நின்ற அந்தக் கணக்கெடுப்பாளர் எந்த நிபந்தனைக்குக் கூடுதல் கனம் கொடுத்தார் என்பதில் தங்கியிருக்கிறது. பிறகு இது சதவீதமாக மாறி, தசமப் புள்ளியோடு அறிக்கையில் உட்கார்ந்துகொள்ளும்.

2023இல் வந்த அஸ்வெசும நலன்புரித் திட்டம் இதே விடயத்தை நாடு முழுக்கக் காட்டியது. கல்வி, சுகாதாரம், பொருளாதார மட்டம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்று ஆறு பரிமாணம், அவற்றுக்குள் 22 சுட்டிகள். அவற்றை வைத்து நிலைமாறும் நிலையில் உள்ளோர், பாதிப்புக்குள்ளாகக் கூடியோர், வறியோர், மிக வறியோர் என்று பிரித்தார்கள். எந்தச் சுட்டிக்கு எவ்வளவு கனம் கொடுப்பது என்பதைக் கணிதம் சொல்லாது. பிரதேச செயலகங்களுக்கு முன்னால் மேன்முறையீட்டுப் படிவத்தோடு நின்ற வரிசை, ஒரு வகையில் சுட்டிகளின் கனத்தோடு சனங்கள் நடத்திய விவாதம்.

எண்களை விடுங்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. எண்களால் மட்டுமே தெரியவரும் விடயங்களும் உண்டு, அது கீழே வருகிறது.

இயற்கை விஞ்ஞானத்திலும் இது உண்டா?

உண்டு. தத்துவவியலாளர் ரிச்சர்ட் ருட்னர் 1953இல் சொன்ன வாதம் எளிமையானது. எந்தக் கருதுகோளும் நூறு சதவீதம் நிரூபணமாவதில்லை. 'போதிய சான்று கிடைத்துவிட்டது' என்று எங்கே நிறுத்துவது என்பது, பிழைத்தால் யாருக்கு எவ்வளவு சேதம் என்பதைப் பொறுத்தது. நுண்கடன் பற்றிய ஆய்வு ஒன்றில் 'கடனால் பாதிப்பு இல்லை' என்று பிழையாகச் சொன்னால் அதைச் சுமப்பது வார வசூலுக்குக் காசு தேடும் பெண். 'பாதிப்பு உண்டு' என்று பிழையாகச் சொன்னால் கடன் நிறுவனத்துக்கு நட்டம், நியாயமான கடன் தேவைப்பட்ட இன்னொரு பெண்ணுக்கும் நட்டம். புள்ளிவிபரச் சோதனையில் பிழைக்கு இடம்விடும் 5 சதவீத மட்டத்தை எல்லாரும் போடுவதால் நாமும் போடுகிறோம் என்பது இதற்குப் பதிலாகாது.

பொருள்கோடல் என்பது ஆய்வாளரின் ஊகத்துக்கு வைத்த பெரிய பெயரா?

அப்படி ஆகிவிடும் ஆபத்து இருக்கிறது. அப்படி ஆகாமலும் செய்யலாம்.

குச்சவெளிப் பக்கம் ஒரு கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். பொது மண்டபம், நீலப் பிளாஸ்டிக் கதிரைகள், முன்வரிசையில் கிராம உத்தியோகத்தர், வாசல் மேசையில் வரவுப் பதிவேடு. ஒரு அம்மா வருகிறார், கையொப்பம் வைக்கிறார், பின்வரிசையில் முந்தானையால் விசிறிக்கொண்டு உட்காருகிறார், ஒரு வார்த்தை பேசவில்லை, தேநீர் வந்ததும் குடித்துவிட்டு எழுந்து போகிறார். திட்ட அறிக்கையில் இது 'சமூகப் பங்கேற்பு'. கமராவில் பதிந்தால் தெரிவது இவ்வளவுதான்.

அவர் செய்தது என்ன? பதிவேட்டில் பெயர் இல்லாவிட்டால் அடுத்த வீட்டுத்திட்டப் பட்டியலிலும் பெயர் இருக்காது என்ற பயத்தில் வந்திருக்கலாம். சங்கத் தலைவரின் மனைவி சொந்தக்காரி, முகத்தை முறிக்க முடியாமல் வந்திருக்கலாம். பேசுவதற்கு விடயம் இருந்தும், பேசினால் யார் யாருக்கு என்ன போய்ச் சேரும் என்று தெரிந்து அடக்கிக்கொண்டிருக்கலாம். மானுடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1973இல் இதைத்தான் பேசினார். கில்பர்ட் ரைல் என்ற தத்துவவியலாளரின் உதாரணத்தை அவர் கடன் வாங்கினார். இரண்டு பையன்களின் கண் இமை ஒரே மாதிரி அசைகிறது. ஒருவனுக்கு அது வெறும் துடிப்பு, மற்றவன் கூட்டாளிக்குக் கண்ணடிக்கிறான். அசைவை மட்டும் எழுதினால் நடந்ததை எழுதவில்லை. செயலின் அர்த்தத்தையும் சேர்த்து எழுதுவதைத்தான் அடர் விவரணம் என்கிறோம்.

இதில் எது சரி என்று எப்படித் தெரிவது? ஒரு விளக்கம் சரியென்றால் வேறு இடத்தில் அதன் தடம் இருக்க வேண்டும். பட்டியல் பயம்தான் காரணம் என்றால் பதிவேடு இல்லாத கூட்டத்துக்கு அவர் வரமாட்டார். அடக்கிக்கொண்டார் என்றால் தண்ணீர் பவுசர் வரிசையில், நாலு பெண்கள் மட்டும் நிற்கும்போது, அதே விடயம் வாயில் வரும். சொந்தம் என்றால் கலியாண வீட்டில் அவர் எங்கே உட்காருகிறார் என்பதில் தெரியும். இவற்றைப் போய்ப் பார்த்தால் மூன்று விளக்கத்தில் ஒன்றோ இரண்டோ கழன்றுவிடும். கழன்றுவிட இடம்கொடுக்காத விளக்கம் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் ஊகம்தான்.

ஆகவே 'எல்லாம் பொருள்கோடல்தானே, யாரும் எதையும் சொல்லலாம்' என்று சலிப்பவர்களுக்கும் பதில் இதுவே. சொல்லலாம். நிலைத்து நிற்காது.

ஒரே இடத்துக்கு இரண்டு சமூகம் இரண்டு பொருள் சொன்னால்? உதாரணமாக கன்னியா.

இந்தக் கேள்வி எங்களூரில் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இராவணன் தன் தாயாரின் கிரியைக்காக உண்டாக்கியவை என்பது சைவ மக்களின் ஐதீகம். இறந்தோருக்கான கடமைகளை அங்கே செய்யும் வழக்கமும் உண்டு. தொல்லியல் திணைக்களம் அந்த நிலத்தில் பௌத்த எச்சங்களை வாசிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் அரசியலும் வழக்கும் இருக்கின்றன.

சமூக ஆய்வாளர் இதில் மூன்று விதமான கேள்வியைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இந்தக் கட்டட எச்சம் எந்த நூற்றாண்டுக்குரியது? இது தொல்லியல் கேள்வி, சான்றால் தீர வேண்டியது. இந்த இடம் இங்கே வருபவர்களுக்கு என்னவாக இருக்கிறது? இது பொருள்கோடல், இதற்கு இரண்டு மூன்று உண்மையான பதில் ஒரே நேரத்தில் இருக்கலாம். இடத்தை யார் நிர்வகிக்க வேண்டும்? இது நீதி பற்றிய கேள்வி. முதற்கேள்வியின் பதிலை வைத்து மூன்றாவதைத் தீர்த்துவிட்டதாகக் காட்டுவது இரண்டு பக்கத்திலும் நடக்கிறது. நம் பக்கத்தில் நடந்தாலும் அதை நடப்பதாகவே எழுத வேண்டும். எழுதுவதற்குத் துணிவு வேண்டும் என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

களத்தில் மக்கள் சொல்வதுதான் இறுதி உண்மையா? அவர்கள் வாழ்க்கையை அவர்களைவிட நமக்குத் தெரியுமா?

தங்கள் செயலுக்கு அவர்கள் என்ன பொருள் கொள்கிறார்கள் என்பதில் அவர்களே அதிகாரி. அந்தச் செயல் ஏன் ஒரு காலத்தில் கூடுகிறது, வேறு காலத்தில் குறைகிறது என்பதில் அப்படியில்லை.

கஷ்டமான உதாரணம்தான், ஆனால் இதைவிடத் தெளிவானது கிடையாது. இலங்கையில் தற்கொலை வீதம் 1995இல் உச்சத்தில் இருந்தது, ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47. அடுத்த பத்து வருடத்தில் அது கிட்டத்தட்டப் பாதியாகியது. உயிர் தப்பியவர்களிடமும் குடும்பத்தாரிடமும் காரணம் கேட்டால் சண்டை, கடன், அவமானம், குடி என்றுதான் வரும், அவை பொய்யுமில்லை. ஆனால் வீழ்ச்சிக்கு முக்கிய காரணமாக ஆய்வாளர்கள் காட்டுவது 1990களின் நடுப்பகுதியிலிருந்து மிக நச்சான பூச்சிகொல்லிகளைத் தடை செய்ததை. சண்டை குறையவில்லை, கையெட்டும் தூரத்தில் இருந்த போத்தலில் நஞ்சின் வீரியம் குறைந்தது. நூறு ஆழமான நேர்காணல் செய்தாலும் இது வாயால் வந்திருக்காது. தொடர்ச்சியான எண்களை வரைபடமாகப் போட்டுப் பார்த்தபோதுதான் வந்தது.

இதே உதாரணத்தைப் புரட்டியும் பார்க்கலாம். பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கெய்ம் 1897இல் தற்கொலையைப் புள்ளிவிபரத்தால் ஆராய்ந்ததிலிருந்து ஒரு எதிர்க்கேள்வி தொடர்ந்து வருகிறது: ஒரு மரணத்தைத் தற்கொலை என்று பதிவது யார்? எங்கள் ஊரில் திடீர் மரண விசாரணை அதிகாரி. அவர் வீட்டாரிடம் கேட்கிறார், வீட்டார் மானத்தைப் பார்க்கிறார்கள், கிணற்றில் 'தவறி விழுந்தது' என்ற வாக்குமூலம் வருகிறது. 1998 வரை தற்கொலை முயற்சியே இங்கு சட்டப்படி குற்றம், ஆகவே மறைப்பதற்குக் காரணமும் இருந்தது. அந்த எண்ணுக்குள்ளும் பலபேரின் பொருள்கோடல் படிந்திருக்கிறது.

இரண்டையும் சேர்த்துப் பிடிக்கத் தெரிந்தவர்தான் நல்ல ஆய்வாளர். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதைக் கேலி செய்வது பட்டதாரி மாணவருக்கும் பேராசிரியருக்கும் பொதுவான வியாதி.

சொந்த ஊரை, சொந்தச் சமூகத்தை ஆய்வு செய்யலாமா?

செய்யலாம். வெளியூர்க்காரரும் செய்யலாம். 2012 தொகைமதிப்பின்படி திருகோணமலை மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 40 சதவீதம், தமிழர் 30 சதவீதத்துக்குச் சற்று மேல், சிங்களவர் ஏறத்தாழ 27 சதவீதம். ஒரு வீதியைக் கடந்தால் நீங்கள் உள்ளாள், அடுத்த வீதியில் வெளியாள்.

சம்பூர்ப் பிள்ளை சம்பூரில் இடம்பெயர்வு பற்றிக் கேட்டால் பலர் "உனக்குத் தெரியாததா பிள்ளை" என்று பாதியில் நிறுத்திவிடுவார்கள். அந்தத் தெரிந்த பாதி பதிவில் வராது. அதே பிள்ளை கிண்ணியாவுக்குப் போனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்குவார்கள், ஆனால் ஒரு எல்லைக்கு மேல் வாயைத் திறக்கமாட்டார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் ரொபர்ட் மேர்ட்டன் 1972இல் உள்ளாள், வெளியாள் இருவருக்கும் தனித்தனி அனுகூலமும் குருட்டுப்புள்ளியும் உண்டு என்று வாதிட்டார். நான் ஒன்றைச் சேர்ப்பேன்: இங்கே சமூகத்தைவிட மொழியும் வயதும் பாலும் சில நேரம் பெரிய சுவர். பத்தொன்பது வயதுப் பையன் ஐம்பது வயதுப் பெண்ணிடம் கணவரின் குடியைப் பற்றிக் கேட்கக் கூடாது, அவர் எந்தச் சமூகமாக இருந்தாலும்.

முறையியலில் 'ஆய்வாளரின் நிலை' என்று ஒரு பந்தி எழுதச் சொல்கிறார்கள். அதில் என்ன எழுதுவது?

பெரும்பாலான ஆய்வேடுகளில் அந்தப் பந்தி இப்படி இருக்கும்: 'நான் ஒரு தமிழ்ப் பெண். கிராமியப் பின்னணியைச் சேர்ந்தவள். இயன்றளவு பக்கச்சார்பின்றி ஆய்வை மேற்கொண்டேன்.' இதனால் வாசகருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. பிறப்புச் சான்றிதழைத் தந்தது போல இருக்கிறது.

எந்த இடத்தில் உங்கள் நிலை எந்தத் தரவைத் தொட்டது என்று எழுதுங்கள். கரையிலிருந்து வலையை இழுக்கும் கரைவலைக்காரருக்கும், கடலில் மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் சுருக்குவலைக்காரருக்கும் இடையிலான பிணக்கைப் பற்றிய ஆய்வு என்றால்: 'என் தகப்பனார் கரைவலைத் தொழிலாளி. நேர்காணல்களை அவருடைய நண்பர்கள் மூலமே ஒழுங்குசெய்தேன். சுருக்குவலை உரிமையாளர்கள் பலர் பேச மறுத்தனர். ஆகவே நான்காம் அத்தியாயத்தில் பிடிபாடு குறைந்தது பற்றிய பகுதி பெரும்பாலும் ஒரு தரப்பு வாக்கில் நிற்கிறது. நான் சட்டவிரோத வலை என்று எழுதும் இடங்களில் அனுமதிப்பத்திர நிபந்தனை மீறப்பட்டதையே குறிக்கிறேன், கரைவலைக்காரர் அந்தச் சொல்லை எல்லாச் சுருக்குவலைக்கும் பயன்படுத்துகின்றனர்.' இதைப் படித்தவருக்கு எந்தப் பக்கத்தை எவ்வளவு நம்பலாம் என்று கையில் பிடிபடும்.

இந்த வழக்கத்துக்குப் பெரிய முன்னோடி சுவீடன் நாட்டுப் பொருளியலாளர் குன்னார் மிர்டால். அமெரிக்காவின் கறுப்பின மக்கள் பற்றிய பேராய்வை 1944இல் வெளியிட்டவர், 1974இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். விழுமியத்தை ஒளிப்பதால் பக்கச்சார்பு போய்விடாது, வெளியே எடுத்து வைத்தால்தான் மற்றவர் சரிபார்க்க முடியும் என்பது அவர் நிலை. எனக்கு இதில் ஒரு சந்தேகமும் உண்டு. வெளியே வைத்துவிட்டோம் என்ற நிம்மதியில் சிலர் பிறகு எதைச் சரிபார்ப்பதையும் விட்டுவிடுகிறார்கள். ஆகவே அந்தப் பந்தியோடு ஒரு தனித்தாளும் வேண்டும். களத்துக்குப் போகுமுன் 'எந்த முடிவு வந்தால் எனக்குக் கசக்கும்?' என்று எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிடுங்கள். திரும்பி வந்ததும் அந்த முடிவைத் தேட என்ன செய்தீர்கள் என்று அவர் கேட்கட்டும்.

நிறுவனம் ஒன்று காசு தருகிறது. அவர்களுக்குப் பிடித்த முடிவைத்தான் எழுத வேண்டுமா?

வேண்டியதில்லை, ஆனால் அழுத்தம் பெரும்பாலும் முடிவில் வருவதில்லை. 'பயனாளிகள் பட்டியல் நாங்கள் தருகிறோம், அதிலிருந்து மாதிரி எடுங்கள்' என்று வரும்போதே காரியம் முடிந்துவிடுகிறது. பட்டியலில் இல்லாதவர்களையும் சந்திப்பேன் என்பதை ஒப்பந்தத்தில் போடுங்கள். யார் காசு தந்தார் என்பதை முன்பக்கத்தில் போடுங்கள்.

கடைசி அத்தியாயத்தில் பரிந்துரைகள் எழுதுவது விழுமியத்தை நுழைப்பதாகாதா?

ஆகும், எழுதலாம். நுழைந்த இடம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். 'இருக்கிறது' என்பதிலிருந்து 'இருக்க வேண்டும்' என்பதற்கு நேராகத் தாவ முடியாது என்பது பதினெட்டாம் நூற்றாண்டுத் தத்துவவியலாளர் டேவிட் ஹியூம் காலத்துப் பழைய பாடம். கருவாட்டுப் பெண்களுக்கு முதலாளி முற்பணம் தருகிறார், அதனால் அவர்கள் வேறு இடத்தில் கூடுதல் கூலி கிடைத்தாலும் போக முடியவில்லை என்று கண்டீர்கள். சரி. 'ஆகவே முற்பண முறையை ஒழிக்க வேண்டும்' என்று எழுதினால் நடுவில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது: முதலாளியை மாற்றும் சுதந்திரம், வாடைக்காலத்தில் கடல் கொந்தளித்துப் படகு இறங்காத மாதங்களில் கையில் இருக்கும் காசைவிடப் பெறுமதியானது என்ற வரி. அந்தப் பெண்களில் பலர் அதை ஏற்கமாட்டார்கள். வடகீழ்ப் பருவம் முடியும்வரை அடுப்பு எரிவது அந்த முற்பணத்தில்தான். விடுபட்ட வரியை எழுதிவிட்டு, அவர்கள் அதற்கு என்ன சொன்னார்கள் என்பதையும் எழுதினால், பரிந்துரை மாறக்கூடும். முற்பணத்தை ஒழிப்பதற்குப் பதிலாக வாடைக்காலச் சேமிப்புக்கு வேறு வழி என்று.

"என்ன தருவியள்?" என்று சனம் கேட்கிறது. இதற்கு எப்படிப் பதில் சொல்வது?

"ஒன்றும் தர மாட்டோம், இது படிப்புக்கு" என்று முதல் நிமிடத்தில் நேராகச் சொல்லுங்கள். சுனாமிக்குப் பிறகும் யுத்தத்துக்குப் பிறகும் இந்தக் கிராமங்களுக்கு வந்துபோன படிவங்களுக்குக் கணக்கில்லை. பேனை பிடித்து வருபவர் ஏதோ பட்டியல் எடுக்கிறார் என்று நினைப்பது அவர்களின் அனுபவ அறிவு. அந்த நினைப்போடு வரும் பதிலில் கஷ்டம் சற்றுக் கூடுதலாகவும் காணி, மாடு சற்றுக் குறைவாகவும் இருக்கும்.

இதில் இன்னும் நுணுக்கமான விடயம் ஒன்று உண்டு. நாம் மக்களை விளங்கிக்கொள்ளச் செய்த சொற்கள் அவர்களிடம் போய்த் திரும்பி வருகின்றன. மூதூர்ப் பக்கம் "எங்களுக்கு வாழ்வாதாரம் தந்தவங்க" என்று ஒருவர் சொன்னால் பெரும்பாலும் ஆடு, கோழிக்கூடு, தையல் மெசின் என்று ஏதோ ஒரு பொருள் கிடைத்திருக்கிறது. திட்ட அறிக்கையில் பிறந்த சொல் அது. இப்போது அவர் தன் வாழ்க்கையைச் சொல்வதே அந்தச் சொல்லால். கல்லோ அலையோ நாம் வைத்த பெயரைக் கேட்டுத் தன்னை மாற்றிக்கொள்வதில்லை, மனிதர் மாற்றிக்கொள்கிறார். பிரித்தானியச் சமூகவியலாளர் அந்தனி கிடென்ஸ் இதை இரட்டைப் பொருள்கோடல் என்றார். ஆகவே நேர்காணலில் உங்கள் ஆய்வுச் சொல்லே உங்களுக்குத் திரும்பி வந்தால், அதைக் கண்டுபிடிப்பு என்று கொண்டாடாமல், "அது என்னண்டு சொல்லுங்கோ, என்ன கிடைச்சது?" என்று ஒரு கேள்வி கூடக் கேளுங்கள்.

வாய்மொழித் தேர்வில் 'உங்கள் ஆய்வு பக்கச்சார்பானது' என்று சொன்னால் என்ன செய்வது?

பதறி மறுக்க வேண்டாம். "எந்தக் கட்டத்தில் என்று சொல்ல முடியுமா சேர்?" என்று பணிவாகக் கேளுங்கள். தலைப்புத் தெரிவிலா, மாதிரியிலா, வகைப்படுத்தியதிலா, முடிவிலா? தலைப்பில் என்றால் ஒப்புக்கொண்டு ஏன் அது முக்கியம் என்று சொல்லலாம். மாதிரியில் என்றால் யார் மறுத்தார்கள், யாரைச் சந்திக்க முடியவில்லை என்ற பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். வகைப்படுத்தியதில் என்றால் அதே நேர்காணல் பிரதிகளில் சிலவற்றை இன்னொரு மாணவரிடம் கொடுத்துத் தனியாக வகைப்படுத்தச் சொல்லி, எங்கே இருவரும் வேறுபட்டீர்கள் என்பதைப் பின்னிணைப்பில் போட்டிருந்தால் அது உங்களைக் காப்பாற்றும். முடிவில் என்றால் உங்களுக்குக் கசந்த முடிவு எது, அதற்கு எதிராகவும் ஆதரவாகவும் என்ன சான்று கிடைத்தது என்று சொல்லுங்கள். அந்தத் தனித்தாளின் பிரதி அன்று கையில் இருக்கட்டும்.